ஜூஸ் குடிச்சா வெள்ளையணு ஏறாது

1/ "கீமோ போகுதா? பப்பாளி இலைச் சாறு, பீட்ரூட், மாதுளை குடிங்க. கவுன்ட் தானா ஏறும்." மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுக்குறவங்க போனுக்கெல்லாம் இந்த ஃபார்வர்டு வருது. அனுப்புறவங்க நல்ல மனசோடதான் அனுப்புறாங்க. ஆனா இதை நம்பி உட்கார்ந்தா உயிர் போகலாம். ஏன்னு சொல்றேன்.

2/ கீமோ மருந்து வேகமா பெருகுற செல்களை அடிக்கும். புற்றுநோய் செல்லும் அப்படித்தான், ரத்தம் உருவாகுற எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான். அதனால கிருமியோட சண்டை போடுற நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு குறையும். பெரும்பாலும் கீமோ ஏத்தின 7 முதல் 14 நாளுக்குள்ள ரொம்பக் கீழே இறங்கும். 500-க்குக் கீழ போனா, நம்ம குடல்லயே சும்மா இருக்குற கிருமிகூட ரத்தத்துல கலந்து ஆளைச் சாய்ச்சிடும்.

3/ பப்பாளி இலை பேச்சு டெங்குவுல தட்டணுவுக்காக வந்தது. பீட்ரூட், மாதுளை பேச்சு ஹீமோகுளோபினுக்காக. மூணும் வேற வேற. எல்லாத்தையும் 'ரத்தம் ஏறும்'னு ஒரே மூட்டையில கட்டிட்டாங்க. கீமோவுல குறைஞ்ச நியூட்ரோஃபிலை இதெல்லாம் ஏத்தும்னு நம்பகமான ஆதாரம் இல்லை. தெருமுனையில ஐஸ் போட்ட ஜூஸ் வாங்கிக் கொடுத்தா கிருமிதான் போனஸ்.

4/ "அந்த ஊசியெல்லாம் கம்பெனி வியாபாரம்." இல்லைங்க. ஃபில்கிராஸ்டிம், நம்ம உடம்பே சுரக்குற ஒரு புரதத்தோட நகல். 1991-லயே அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. எல்லாருக்கும் தேவையில்லை. கவுன்ட் குறைஞ்சு காய்ச்சல் வர்ற வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல உள்ள கீமோன்னா முதல் சுற்றுலேர்ந்தே போடணும். அதுக்குக் கீழன்னா வயசு, மற்ற நோய் பார்த்து டாக்டர் முடிவு பண்ணுவார். கீமோ முடிஞ்சு 24 மணி நேரம் கழிச்சுதான் ஆரம்பிக்கணும். எலும்பு வலி வரலாம். பயந்து நீங்களா நிறுத்தாதீங்க.

5/ ஊசி போட்டாலும் காய்ச்சல் வராதுன்னு உத்தரவாதம் இல்லை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டா அது அவசரம். "ஒரு பாரசிட்டமால் போட்டு காலையில பார்ப்போம்"னு இருக்காதீங்க. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது. ராத்திரி 2 மணின்னாலும் கிளம்புங்க. போனதும் "கீமோ நடக்குது"ன்னு முதல்ல சொல்லுங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏறணும்.

6/ நம்ம டாக்டர்களுக்கும் ஒண்ணு: "காய்ச்சல் வந்தா வாங்க"ன்னு வாயால சொன்னா போதாது. எத்தனை டிகிரி, எங்க வரணும்னு சீட்டுல தமிழ்ல எழுதிக் கொடுங்க. நாம சொல்லாத இடத்தைத்தான் வாட்ஸ்அப் நிரப்புது.

7/ அக்காவைப் பார்க்கப் போறீங்களா? ஜூஸ் பாட்டிலை விடுங்க. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிட்டுப் போங்க.