உழுபவருக்கா, உறுதி வைத்திருப்பவருக்கா?

இலண்டனில் வாழும் எமக்கும் லிங்கன்ஷயரின் கோதுமை வயல்களுக்கும் என்ன தொடர்பு என்று எம்மவர் கேட்கக்கூடும். அவ்வயல்களுக்கு அரசு வழங்கிவந்த மானியம் நாமும் செலுத்தும் வரிப்பணத்திலிருந்தே சென்றது. அது ஒருபுறமிருக்க, அம்மானியத்தின் வரலாற்றில் ஊரில் வயற்காணி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடமும் உண்டு.

இங்கிலாந்தில் 2015 முதல் 2023 வரை விவசாய மானியத்தின் பெரும்பகுதி காணியின் பரப்பளவைக் கொண்டே கணிக்கப்பட்டது. 2020இல் சமவெளிக் காணிகளுக்கு ஹெக்டேயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 230 பவுண் கிடைத்தது. 20 ஹெக்டேயர் வைத்திருந்தவருக்கு 4,600 பவுண். 1,000 ஹெக்டேயர் வைத்திருந்தவருக்கு 2,30,000 பவுண். தேவை மிகுந்தவருக்குச் சிறுதொகையும், வசதி படைத்தவருக்குப் பெருந்தொகையும் சென்றன.

இம்முறையை மாற்றுவதற்கு 2020ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் வழிவகுத்தது. 2021 முதல் கொடுப்பனவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2025இல் ஒருவருக்குரிய உச்சத்தொகை 7,200 பவுண் ஆயிற்று. மண்ணையும் நீரையும் பேணுவோருக்கு உதவும் புதிய திட்டங்கள் வந்தன. அவற்றுள் முக்கியமான ஒன்றில், காணி உரிமையாளரின் சம்மதமின்றியே குத்தகை விவசாயியும் விண்ணப்பிக்க இடமளிக்கப்பட்டது. அத்திட்டமும் 2025 மார்ச்சில் புதிய விண்ணப்பங்களுக்குத் திடீரென மூடப்பட்டமை குறையே. எனினும், உழுபவருக்கும் உரிமை உண்டென ஏற்றுக்கொண்டமை சிறிய மாற்றமன்று.

இனி எமது ஊருக்கு வருவோம். இலங்கையில் 2005இல் தொடங்கிய திட்டத்தின்படி, 50 கிலோ பசளை மூடை நெற்செய்கையாளருக்கு 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரர் கடனாளியாயினர். 2024இல் பசளை மானியம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கமநல சேவை நிலையங்களின் பதிவை அடிப்படையாகக் கொண்டே இத்தகைய உதவிகள் வழங்கப்படுகின்றன.

கேள்வி இங்கேதான் எழுகின்றது. அப்பதிவில் இருப்பது எவருடைய பெயர்? எம்மவரின் வயல்கள் பலவற்றில் இன்று விதைப்பவர் வேறொருவர். வெள்ளம் வந்தாலும், வரட்சி வந்தாலும், பசளை கிடையாது போனாலும் நட்டம் அவருடையதே. பதிவு மட்டும் வெளிநாட்டிலிருக்கும் எமது பெயரிலோ எமது உறவினரின் பெயரிலோ இருந்தால், பசளைக்கென வந்த பணம் பசளை போடாதவரின் கைக்கே போய்ச் சேரும். இங்கிலாந்துப் பெருநிலக்காரரைக் குறைகூறும் எமக்கு இது அழகாகுமா?

“குத்தகைக்காரரைப் பதிவு செய்தால் காணி பறிபோய்விடும்” என்ற அச்சம் எம்மவரிடையே உண்டு. அதனை நாம் ஏளனம் செய்யவில்லை. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பு அளித்துள்ளமை உண்மை. இடம்பெயர்ந்து, பாட்டன் பூட்டன் காணியை மீட்பதற்கே படாத பாடுபட்டவர்களின் மனத்தில் இப்பயம் எழுவது இயல்பே. ஆயினும் எமது அச்சத்துக்கான விலையை ஏழைக் கமக்காரர் ஒருவர் போகந்தோறும் செலுத்துவது நீதியாகாது.

ஆகவே, அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன்னர் ஒவ்வொரு குடும்பமும் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கட்டும். எமது வயலைச் செய்பவர் எவர், மானியம் எவருடைய கணக்குக்குச் செல்கின்றது என விசாரித்தறியட்டும். சட்டத்தரணியின் ஆலோசனையுடன் குத்தகையை எழுத்தில் வைப்பது இரு தரப்புக்கும் நன்று. அதற்கு மனம் ஒப்பாதவர்கள் மானியத் தொகையையேனும் பயிரிடுபவரிடம் முழுமையாகக் கையளிக்கலாம்; அல்லது குத்தகையில் கழித்துவிடலாம். இதற்குப் புதிய சட்டமோ அமைச்சரின் அனுமதியோ வேண்டியதில்லை.

உறுதி எமது பெட்டியில் இருக்கட்டும். பசளைப் பணம் வயலுக்கே போகட்டும்.