ஒரு சுழி குறைச்சல்

கும்பகோணத்தில் ஒரு கடை வாசலில் காபி மெஷின் பார்த்தேன். ஆள் உயரம். முகப்பு முழுக்க வினைல் ஸ்டிக்கர். பித்தளை டவரா டம்ளர், நுரை பொங்கும் காபி, பின்னால் ஒரு கோபுரம். மேலே கொட்டை எழுத்தில் 'கும்பகோனம் டிகிரி காபி'.

இன்னொரு தடவை படியுங்கள். மூன்று சுழி 'ண' உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு சுழி 'ன' உட்கார்ந்திருக்கிறது.

வேறு ஊர் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது கும்பகோணத்திலேயே, கும்பகோணத்துக்காரர் காசில், கும்பகோணத்தின் பெயரில் நடந்த கொலை. அந்தக் கோபுரமும் இந்த ஊர் கோபுரம் இல்லை, மதுரை. நாலு தெரு தள்ளி சாரங்கபாணி கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரம் நிற்கிறது. அதைப் படம் பிடிக்க ஒரு பையனை அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். "டிசைன், பிரிண்ட் எல்லாம் வெளியூர்ல கொடுத்துட்டோம் சார். வாட்ஸ்அப்ல படம் அனுப்பினாங்க, ஓகே போட்டுட்டேன். போன்ல சுழியெல்லாம் எங்க சார் தெரியுது?" என்றார்.

பக்கத்தில் இரண்டாவது மெஷினுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். ஒரு காலத்தில் இந்த ஊர்க் கடைகளுக்கு போர்டு எழுதியவராம். ப்ளெக்ஸ் வந்து பிரஷைப் பிடுங்கிக்கொண்டது. இப்போது ஒட்டுகிற வேலை. "உங்களுக்குமா ஐயா தெரியல?" என்றேன். திரும்பாமலே சொன்னார்: "ஒட்டும்போதே தெரிஞ்சுது தம்பி. எனக்கு ஒட்டறதுக்குத்தான் கூலி. திருத்தறதுக்கு யாரு கூலி தர்றாங்க?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

மெஷினுக்கு ஸ்டிக்கர் நாமே தயாரிப்பதா, வெளியே கொடுப்பதா? சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'மேக் ஆர் பை' என்று ஒரு பாடம் வரும். செய்வதா, வாங்குவதா? பரீட்சையில் பத்து மார்க். வாழ்க்கையில் முழு மார்க்கும் அதில்தான்.

முதலில், 'எல்லாத்தையும் நாமே செஞ்சுடுவோம்' என்கிற வீரர்களுக்கு ஒரு கணக்கு. உங்களிடம் 10 மெஷின் இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு தடவை உடை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 உடை. ஒரு மெஷினுக்கு முகப்பும் இரண்டு பக்கமும் சேர்த்து, சேதாரத்தோடு 50 சதுர அடி. வெளியே சதுர அடி 120 ரூபாய் என்றால் ஒரு உடை 6,000 ரூபாய்.

நீங்களே அடிப்பதாக இருந்தால் பிரிண்டர், லேமினேட்டர், கட்டர் எல்லாம் வேண்டும். 6 லட்சம் என்று வையுங்கள். ஐந்து வருஷத் தேய்மானம், மாசம் 10,000. ஓட்டுகிற ஆளுக்கு 18,000. ஆக, ஒரு சதுர அடிகூட அடிக்காமலேயே வருஷத்துக்கு 3,36,000 ரூபாய் போய்விட்டது. மையும் வினைலும் சதுர அடிக்கு 50 ரூபாய் என்றால், ஒரு உடைக்கு உங்களுக்கு மிச்சமாவது 3,500. அந்த 3,36,000-ஐ எடுக்க வருஷத்துக்கு 96 உடை அடிக்க வேண்டும். உங்களிடம் இருப்பதோ 20. மீதி 76-க்கு பக்கத்து வீட்டு பிரிட்ஜுக்கெல்லாமா ஒட்டுவீர்கள்?

இதில் இன்னொரு வம்பும் உண்டு. இந்த மாதிரி இங்க்ஜெட் பிரிண்டர் சும்மா கிடந்தால் மை காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும். வேலை இல்லாவிட்டாலும் அதற்குத் தீனி போட்டே ஆகவேண்டும். கோயில் யானை மாதிரி. ஆசீர்வாதம்கூடப் பண்ணாது.

'அப்ப மொத்தத்தையும் வெளியே கொடுத்துடலாம், நீயே சொல்லிட்டியே' என்று கிளம்பாதீர்கள். அச்சடிப்பதை மட்டும்தான் வெளியே கொடுக்கச் சொல்கிறேன். முகத்தை அல்ல.

எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதை வெளியிலிருந்து வாங்குவது என்பதைக் கற்றுக்கொள்ள நிர்வாகப் படிப்பு தேவையில்லை. பஸ் ஏறி சுவாமிமலைக்குப் போங்கள். அங்கே ஐம்பொன் சிலை செய்யும் ஸ்தபதிகள் செம்பை எங்கிருந்து எடுக்கிறார்கள்? காவிரியில் செம்பு விளையாது. வெளியிலிருந்து வாங்குகிறார்கள். யாரும் அதற்கு வெட்கப்படவில்லை. ஆனால் மெழுகில் உருவம் பிடிப்பது அவர்கள் கை. மேலே பூசுவது காவிரி வண்டல் மண். உலோகம் வெளியூர், உருவம் உள்ளூர். மெழுகு உருவத்தை வாட்ஸ்அப்பில் வரவழைத்திருந்தால் சுவாமிமலைக்குப் பெயர் வந்திருக்குமா?

இந்த மெஷின் விஷயத்திலும் அதேதான். வினைல் ரோல் எங்கிருந்தோ வரட்டும். பெரிய படத்தை அடிக்கிற வேலையை, வேலை தெரிந்த பிரிண்டரிடம் கொடுங்கள். ஆனால் வாசகம், படம், எழுத்து, அளவு, ஒட்டுவது, பழுது பார்ப்பது எல்லாம் இங்கேயே இருக்கட்டும்.

ஒட்டுவதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? காபி மெஷின் சூடாகிற ஜாதி. ஆவி வருகிற வாய்ப்பக்கத்தில்தான் ஓரம் முதலில் கிளம்பும். பிசுக்கைத் துடைக்காமல் ஒட்டினால் பிடிக்காது. விலை குறைந்த வினைல் நாளாக நாளாகச் சுருங்கும், மூலையில் பழைய பெயிண்ட் பல்லிளிக்கும். அடித்த சூட்டோடு லேமினேட் செய்தால் மையின் கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கொண்டு பசையைக் கெடுக்கும். ஒரு நாளாவது காயவிட வேண்டும். வெளியூர் ஏஜென்சி ஒட்டிவிட்டு பில் கொடுத்துவிட்டுப் போய்விடும். மூன்றாவது வாரம் ஓரம் கிளம்பினால் யார் வருவார்கள்? நம்ம பெரியவர்தான் சைக்கிளில் வருவார்.

'சில்லறை மட்டும் போடவும்', 'சர்க்கரை இல்லாத காபிக்கு இந்தப் பட்டன்' மாதிரி துண்டு ஸ்டிக்கர்களை வெட்ட ஒரு சின்ன கட்டிங் பிளாட்டர் போதும். அதை வாங்கிப் போடுங்கள். அது யானை இல்லை, ஆட்டுக்குட்டி. கிடைத்ததைத் தின்னும்.

டிசைனுக்கு ஆள் எங்கே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இதே கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. படம் வரைய, எழுத்தைப் படிக்கிற மாதிரி அமைக்கத் தெரிந்த பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். படித்து முடித்ததும் வேலை தேடி மெட்ராசுக்கு ரயில் ஏறுகிறார்கள். நாம் மெட்ராசுக்கு ஆர்டர் அனுப்புகிறோம். ஒருவேளை நம்ம ஊர்ப் பிள்ளையே அங்கே உட்கார்ந்து, அவசரத்தில், நம்ம ஊர் பெயரை யாரோ டைப் அடித்துக் கொடுத்த மாதிரியே வைத்துவிடுகிறதோ என்னவோ! ரயில் டிக்கெட் காசாவது மிச்சமாகுமே ஐயா.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022 ஜூனில் கோயம்பேடு மார்க்கெட்டில் மெஷினே வந்தது. பத்து ரூபாய் போட்டால் துணிப்பை. நல்ல காரியம், கை தட்டுகிறேன். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை ஒழிக்க வந்த மெஷினுக்கு பிளாஸ்டிக் சட்டை போட்டால், மதுவிலக்குக் கூட்டத்துக்குத் தள்ளாடிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். மஞ்சப்பை மெஷினின் உடை வருஷத்துக்கு இரண்டு தடவை மாறப்போவதில்லை. மஞ்சள் பெயிண்ட் அடித்து, அந்தந்த ஊர் பெயிண்டரை விட்டு எழுதச் சொன்னால் என்ன? வருஷக்கணக்கில் நிற்கும். உரித்து எடுத்ததைக் குப்பையில் கொளுத்தி, அந்த நச்சுப் புகையைக் குடிக்கிற வேலையும் இல்லை.

'பெயிண்டர் லேட் பண்ணுவார், விலை அதிகம்' என்பார்கள். சில சமயம் உண்மைதான். அவசர ஆபருக்கு பிரஷ் சரிவராது, வினைல்தான். ஆனால் விலையைப் பற்றிப் பேசுபவர்கள் ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தப்பாக வந்த 'கும்பகோனம்' ஸ்டிக்கரை உரித்து, பசையைச் சுரண்டி, மறுபடி அடித்து ஒட்ட இன்னொரு 6,000. அது போக, ஊர் சிரித்த சிரிப்பு. அதற்கு எந்த லெட்ஜரில் பத்தி இருக்கிறது?

2016-ல் மகாமகம் பார்த்தோம். அடுத்தது 2028-ல். ஊர் முழுக்க போர்டு, வளைவு, தண்ணீர் மெஷின், காபி மெஷின் என்று வந்து இறங்கும். லட்சக்கணக்கான பேர் இந்த ஊரின் பெயரைப் படிக்கப் போகிறார்கள். அதை எழுதும் கூலி இந்த ஊருக்குக் கிடைக்க வேண்டாமா? தப்பைக் கண்டுபிடிக்கும் கண்ணும், திருத்தும் கையும் இங்கே இருக்கும்போது இரண்டையும் ஒட்டுகிற வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது சிக்கனம் இல்லை. ஊதாரித்தனம்.

எனவே கடைக்கார அன்பர்களே, அடுத்த தடவை வாட்ஸ்அப்பில் டிசைன் வந்ததும் உடனே ஓகே போடாதீர்கள். பேப்பரில் பெரிதாக ஒரு பிரதி எடுங்கள். ஊரில் போர்டு எழுதின பழைய கை யாராவது இருப்பார். கூப்பிட்டு, டவரா டம்ளரில் நல்ல காபி கொடுத்து, படிக்கச் சொல்லுங்கள்.

காபியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கூலியும் கொடுங்கள்.