விசாவால் விழுந்த விரிசல்

டிரம்ப்பை மீண்டும் ஜனாதிபதியாக்கியவர்களில் இரு சாரார் உண்டு. அமெரிக்க வேலை அமெரிக்கருக்கே என்ற சாமானியர் ஒருபுறம். வெளிநாட்டு நிபுணர்களை வைத்துத் தொழில் நடத்தும் கோடீஸ்வரர்கள் மறுபுறம். பதவியேற்குமுன்பே இருவரும் முட்டிக்கொண்டனர்.

2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக டிரம்ப் அறிவித்ததும் தீவிர ஆதரவாளர்கள் கொதித்தனர். எச்-1பி விசாவுக்காக எலான் மஸ்க் வரிந்துகட்டினார். அதுவே மோசடி என்றார் ஸ்டீவ் பானன். டிரம்ப் மஸ்க் பக்கம் சாய்ந்தார்.

குமுறல் அடங்கவில்லை. 2025 செப்டம்பரில், புது விசா மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று ஆணையிட்டார். இவ்விசா பெறுவோரில் 100-க்கு 70 பேர் இந்தியர், அடி நம்மவருக்குத்தான். தொண்டர்களாவது மகிழ்ந்தார்களா? அதுவுமில்லை. சில திறமைகள் அமெரிக்காவில் இல்லை, வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று நவம்பரில் அவரே தொலைக்காட்சியில் பேசி, ஆறிய புண்ணைக் கிளறிவிட்டார்!

விசாவையே ஒழிக்க மசோதா கொண்டுவருவேன் என்று கிளம்பினார், அவரது நெடுநாள் ஆதரவாளரான பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மார்ஜோரி டெய்லர் கிரீன். எப்ஸ்டீன் கோப்பு விவகாரமும் சேர்ந்துகொண்டது. துரோகி என்று ஏசினார் டிரம்ப். 2026 ஜனவரி 5-ல் அம்மையார் பதவியை விட்டே விலகினார்.