பனையை வெட்ட அனுமதி: மனு போடுவது நம் பொறுப்பு, பதில் சொல்வது அலுவலகத்தின் பொறுப்பு

சொந்த நிலம். சொந்த வரப்பு. பாட்டன் காலத்துப் பனை. அதை வெட்டுவதற்குக் கலெக்டரிடம் மனுப் போட வேண்டுமா? இந்தக் கேள்வி இன்று பல விவசாயிகளின் மனத்தில் இருக்கிறது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பனை நமது மாநில மரம். 2021 ஆகஸ்டு 14-ந் தேதி தமிழக சட்டசபையில் வைக்கப்பட்ட முதல் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் கொடுக்க 3 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தவிர்க்க முடியாத காரணத்தால் பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட கலெக்டரின் அனுமதி கட்டாயம் என்பதும் அதில்தான் அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் இதற்கான நடைமுறை அரசாணையாக வந்தது. மனுவை உழவன் செயலி மூலம் கொடுக்க வேண்டும். வட்டார அளவிலும் மாவட்ட அளவிலும் உள்ள குழுக்கள் பரிசீலிக்கும். ஒரு மரம் வெட்டினால் பத்துப் பனை வைத்து வளர்க்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்கலாம். பனை மற்ற மரங்களைப் போன்றதல்ல. வேம்பையோ பூவரசையோ வெட்டினால் அடிக்கட்டையில் மறுபடி துளிர்க்கும். பனைக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரமே போயிற்று. புதிதாக விதை போட்டால் பாளை விட 12 முதல் 15 ஆண்டுகள் ஆகும். இன்று வெட்டியவரின் பேரன்தான் அடுத்த மரத்தின் நுங்கைத் தின்பான். செங்கல் சூளைக்கு விறகாகப் போகும் பனைக்குக் கிடைக்கும் கிரயம் சொற்பம். அதற்காக இரண்டு தலைமுறைச் சொத்தை எரிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

"ஆண் பனைதானே, காய்க்காத மரம்தானே" என்று சிலர் வெட்டி விடுகிறார்கள். இதுவும் தவறான எண்ணம். ஆண் பனையும் பதநீர் தரும். ஆண் பனை இல்லாவிட்டால் பெண் பனையில் மகரந்தச் சேர்க்கை நடக்காது. பாளை வரும் வரை எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எதை வைத்துக்கொள்வது என்று பொறுக்கி எடுக்கும் வசதியும் நமக்குக் கிடையாது.

வட சென்னைப் பகுதியில் இந்த விஷயம் இன்னும் அவசரமானது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வழியாக மீஞ்சூர் வரை ஒரு காலத்தில் மணல் மேடும் பனையுமாக இருந்த கடற்கரை இது. மாதவரத்தில் கதர் கிராமத் தொழில் ஆணையம் பனைவெல்லத்துக்கும் பனைப் பொருள்களுக்கும் தனி நிறுவனமே நடத்தி வந்தது. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் தல விருட்சமான மகிழ மரத்துக்கு விழாவே எடுக்கிறார்கள். மரத்தைத் தெய்வத்தோடு சேர்த்து வைத்த ஊர் அது. இன்று துறைமுகம், அனல் மின் நிலையம், எண்ணெய்க் கிடங்கு, கண்டெய்னர் லாரி என்று இந்தப் பட்டை மாறி விட்டது. மிச்சமிருக்கும் பனைகள் பெரும்பாலும் வரப்பிலும் ஓடைக் கரையிலும் சிறு விவசாயிகளின் கையில்தான் இருக்கின்றன.

இங்கே முதலில் வரும் குழப்பம், மனுவை எந்த மாவட்டத்துக்குக் கொடுப்பது என்பது. திருவொற்றியூரும் எண்ணூரும் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கின்றன. அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், காட்டுப்பள்ளி, மீஞ்சூர் ஆகியவை பொன்னேரி தாலுகா. அதாவது திருவள்ளூர் மாவட்டம். அடுத்தடுத்த ஊர்களாக இருந்தாலும் கலெக்டர் வேறு. மாவட்டத்தைத் தவறாகக் குறிப்பிட்டால் மனு அங்கும் இங்கும் அலையும்.

இரண்டாவது, மரம் யாருடையது என்பது. பட்டா நிலத்தில் உள்ள மரம் உங்களுடையது. ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் உள்ள மரம், உங்கள் வயலை ஒட்டி இருந்தாலும், அரசாங்கத்தின் மரம். அதன் பலனை அனுபவிக்க 2-சி பட்டா வைத்திருந்தாலும், அது பலனுக்கான உரிமையே தவிர, வெட்டுவதற்கான உரிமை அல்ல. பொது இடத்து மரங்களை வெட்டுவது பற்றி முடிவு செய்ய மாவட்டப் பசுமைக் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது. பொது வரப்பு என்றால் பக்கத்து நிலக்காரரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி விடுங்கள். பின்னால் வரும் தகராறு இதனால் குறையும்.

எண்ணூர் கழிமுகத்தில் கொசஸ்தலை ஆற்றோரம் நிற்கும் அலையாத்தி மரங்களின் கதை வேறு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அவை மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ள பிரிவில் வருகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது பரவிய எண்ணெய்க் கழிவு அந்த மரங்களின் வேரிலும் தண்டிலும் படிந்தது. மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கும் இடம் அது. விறகுக்கோ குட்டை வெட்டவோ அவற்றில் கை வைக்கக் கூடாது.

பனைக்கான மனுவில் என்ன எழுதுவது? சர்வே எண், மரங்களின் எண்ணிக்கை, அவை நிற்கும் இடம், ஒவ்வொன்றின் நிலை, வெட்டுவதற்கான காரணம் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். "விவசாயத்துக்கு இடையூறு" என்று பொதுவாக எழுதினால் எந்த அதிகாரிக்கும் எதுவும் புரியாது. "வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து அடியில், வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது", "குருத்தழுகல் வந்து பட்டுப் போய்விட்டது", "மின் கம்பிக்கு நேர் கீழே நிற்கிறது" என்று எழுதுங்கள். சிட்டா நகலும், மரம் முழுதும் தெரியும் போட்டோவும் சேருங்கள். பட்ட மரமானாலும் போட்டோ எடுத்து மனுக் கொடுத்த பிறகே வெட்டுங்கள். வெட்டிய பிறகு அது பட்ட மரம்தான் என்று நிரூபிப்பது கஷ்டம். செயலி பழக்கம் இல்லாதவர்கள் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் உதவி கேட்கலாம். மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி வந்து மரத்தை ஏற்றும்போது உத்தரவின் நகல் வண்டியிலேயே இருக்கட்டும்.

ஒன்றுக்குப் பத்து வைக்கும் விஷயத்திலும் ஒரு யோசனை. பனை விதை முளைக்கும்போது முளை மேலே வராது. முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். அதுதான் கிழங்கு. பையில் வளர்த்த கன்றைப் பெயர்த்து நட்டால் வேர் அறுந்து கன்று வீணாகும். ஆகவே ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது விதையை நேரடியாகவே வரப்பில் ஊன்றுவது நல்லது. விதைக்கு விதை பத்து அடி இடைவெளி விடுங்கள். முதல் சில ஆண்டுகள் ஆடு மாடு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதுவரை சொன்னது விவசாயியின் பொறுப்பு. இனி என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். அனுமதி முறை வேண்டியதுதான். ஆனால் அனுமதி என்பது இரு பக்கமும் கட்டுப்பட வேண்டிய ஏற்பாடு.

சந்தன மரத்தின் கதையைப் பாருங்கள். தனியார் நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசாங்கத்தின் சொத்து என்று நெடுங்காலம் சட்டம் இருந்தது. வரப்பில் தானாக முளைத்த சந்தனக் கன்று விவசாயிக்கு வம்பாகத் தெரிந்தது. பிடுங்கி எறிவதே புத்திசாலித்தனம் என்று ஆயிற்று. கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் திருத்தி, மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றாக்கின. அதன் பிறகுதான் விவசாயிகள் சந்தனத்தை நட முன்வந்தார்கள். பட்டா நிலத்துச் சந்தனத்துக்கு இன்றும் வனத்துறை அனுமதி வேண்டும். ஆனாலும் நடுகிறார்கள். இதில் உள்ள பாடம் தெளிவானது. மரத்தை அழித்தது அனுமதிச் சீட்டு அல்ல. மரத்தால் தனக்கு லாபம் இல்லை, தொல்லை மட்டுமே என்ற நிலைதான்.

பனைக்கும் அந்த நிலை வந்து விடக் கூடாது. மனுக் கொடுத்து மாதக்கணக்கில் பதிலே வராவிட்டால் விவசாயி என்ன செய்வார்? இருக்கும் மரத்தை இரவில் வெட்டுவார். வரப்பில் முளைக்கும் வடலியை உழவோடு உழவாக அழித்து விடுவார். வடலி அழிந்தது எந்தக் கணக்கிலும் வராது.

இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட மரத்தின் ஒரு கிளையை நறுக்கவும் நகராட்சி அனுமதி வேண்டும். அதே சமயம், அந்த மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நகராட்சி 8 வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் மறுத்தாலும் மேல்முறையீடு உண்டு. வியாபாரத்துக்காக வளர்க்கும் பழ மரங்களைக் கவாத்து செய்ய அனுமதியே தேவையில்லை. இலங்கையில் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட 1951-ம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் 2025 ஜூனில் விவசாய நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை வெளியிட்டு, நடைமுறையை எளிதாக்கும்படி மாநிலங்களைக் கேட்டிருக்கிறது. ஆகவே அனுமதி கேட்பது நமக்கு மட்டும் வந்த தண்டனை அல்ல. கெடு வைப்பதும் அரசாங்கத்தால் முடியாத காரியம் அல்ல.

எனவே மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது, மனுவுக்குத் தேதி குறிப்பிட்ட பதில். வீட்டின் மேல் சாயும் மரத்துக்கும் பட்ட மரத்துக்கும் சில நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இரண்டாவது, சம நீதி. ஒரு பனைக்காக விவசாயியைக் கேட்கும் அதே கேள்வியை, வயலை வாங்கி மனை போடுபவரிடமும் கிடங்கு கட்டுபவரிடமும் கேட்க வேண்டும். இந்தப் பட்டையில் கிரயப் பத்திரம் எழுதிய மறுவாரமே பொக்லைன் வந்து விடுகிறது. அப்போது யார் மனுப் போட்டார்கள் என்று பார்ப்பது குழுக்களின் வேலை. மூன்றாவது, நிற்கும் மரத்துக்கு வருமானம். பதநீர், நுங்கு, கிழங்கு, கருப்பட்டி எல்லாவற்றுக்கும் சென்னையிலேயே கிராக்கி இருக்கிறது. மரம் ஏற ஆள் இல்லை. ஏறுகிறவருக்குப் பாதுகாப்பான ஏறு கருவியும் விபத்துக் காப்பீடும் கிடைத்தால், பனையை வெட்டும் எண்ணமே பலருக்கு வராது.

இவையெல்லாம் வருவதற்குக் காத்திருக்காமல் விவசாயிகள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வரப்பில் எத்தனை பனை, எத்தனை வடலி இருக்கின்றன என்று எண்ணி, சர்வே எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிராம சபையில் அந்தக் கணக்கைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மனுக் கொடுத்தவர்கள், பதில் வராத மனு எண்களையும் அங்கேயே படியுங்கள். தனி ஒருவருடைய மனு மேஜையில் தூங்கலாம். ஊர் முழுதும் கேட்டால் அது தூங்காது.