லேசா எர்த் அடிக்கும் சார், அது அப்படித்தான்

வீட்டுலயே ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் பண்றவங்களுக்கு இந்த த்ரெட். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. நானும் பண்றேன், அதான்.

24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், 5200-1943 டிரான்சிஸ்டர் போர்டு, 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ரெண்டு. எல்லாம் சுலபமா கிடைச்சது. மனசுக்குப் பிடிச்ச பெட்டிதான் கிடைக்கல. பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு வாங்கின ஊர்ல இருந்துக்கிட்டு இரும்புப் பெட்டிக்கு அலையலாமா? நாகல் நகர் பக்கம் ஒரு பட்டறையில அளவு குடுத்தேன். தகடை மடிச்சு, துளை போட்டு, மூலை பிசிறில்லாம குடுத்தாங்க. "இதுல எதை சார் பூட்டப் போறீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. பவுடர் கோட்டிங்கும் அடிச்சாச்சு.

முதல் நாள் ராத்திரி வால்யூம் திருப்பப் போனா, பெட்டியில கை பட்டதும் சுருக்குன்னுச்சு. செட்டு கட்டுறதுல பழம் தின்னு கொட்டை போட்ட அண்ணன் ஒருத்தர்கிட்ட கேட்டேன். தலைப்புல இருக்கிறதுதான் அவர் பதில்.

எனக்கு இந்தப் பேச்சு மேலதான் கோபம். எர்த் இல்லாததால அடிக்கிற ஷாக்குக்கு நம்ம ஊர்ல பேரு 'எர்த் அடிக்குது'. காப்பாத்த வேண்டியவன் மேலயே பழியைப் போட்டுட்டோம். அதனால ரெண்டு பின் வயர் போதும்னு ஆயிடுச்சு. நான் பார்த்து கத்துக்கிட்ட வீடியோக்கள்லயும் ரெண்டு பின்தான்.

இன்னைக்கு சுருக்குங்கிறது டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வர்ற சின்னக் கசிவா இருக்கலாம். உள்ள ஒரு ஃபேஸ் வயரோட தோல் உரிஞ்சு தகட்டுல பட்டா, பெட்டி முழுக்க 230 வோல்ட். எர்த் இருந்தா கரண்ட் அந்த வழியா பாய்ஞ்சு ஃபியூஸ் போயிடும். இல்லன்னா பெட்டி அமைதியா உட்கார்ந்திருக்கும், யாராவது தொடுற வரைக்கும்.

இனி என் வேலை. 10 மில்லிஆம்பியர் தாண்டினாலே கை இறுகிப் பிடிச்சுக்கலாம், நினைச்சாலும் விட முடியாது. 100 மில்லிஆம்பியர் அளவு நெஞ்சு வழியா போனா இதயம் துடிக்காம வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம். ஈரக்கையும் வெறுங்காலுமா இருந்தா 230 வோல்ட்டுக்கு இது ரொம்ப சாதாரணம். எம்சிபி இதைத் தடுக்காது. அது வயரைக் காப்பாத்த வச்சது. ஆளைக் காப்பாத்துறது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி.

"எர்த் குடுத்தா உர்ர்னு ஹம்மிங் வருது டாக்டர்"னு ரிப்ளை வரும், தெரியும். எனக்கும் வந்துச்சு. வெட்கத்தை விட்டு சொல்றேன், நானே ஒரு வாரம் எர்த் வயரைக் கழட்டி வச்சிருந்தேன். படிச்சவன் பண்ற வேலையா அது! அப்புறம் கிரவுண்ட் வயர் எல்லாத்தையும் ஒரே புள்ளியில சேர்த்தேன், டிரான்ஸ்ஃபார்மரை இன்புட் பக்கத்துல இருந்து தள்ளி வச்சேன். பாதி போச்சு. டிவியில இருந்து வர்ற கேபிள்ல ஒரு ஆடியோ ஐசோலேட்டர் போட்டதும் மீதியும் போச்சு.

இன்னொண்ணு, பவுடர் கோட்டிங் மேல எர்த் ஸ்க்ரூவை முறுக்கிப் பிரயோஜனமில்ல. அது பெயிண்ட், கரண்ட் போகாது. அந்த இடத்தைப் பளபளன்னு சுரண்டிட்டு, பல் வச்ச வாஷர் போட்டு முறுக்குங்க. ஃபியூஸும் சுவிட்சும் ஃபேஸ்ல வரணும். மூடியைத் திறக்கும்போது பிளக்கைப் பிடுங்கினா மட்டும் போதாது, கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்.

யாரையாவது பிடிச்சுக்கிச்சுன்னா முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, அதுக்கப்புறம்தான் ஆளைத் தொடணும். பேச்சு மூச்சு இல்லன்னா 108க்கு சொல்லிட்டு நெஞ்சு நடுவுல அழுத்த ஆரம்பிங்க, நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை. எழுந்து உட்கார்ந்துட்டாலும் வந்து ஒரு ஈசிஜி எடுத்துக்கங்க.

இன்னைக்கே ஒரு டெஸ்ட். செட்டோட பிளக்கைப் பிடுங்கிட்டு, மல்டிமீட்டரை ஓம்ல வச்சு பிளக்கோட பெரிய பின்னுக்கும் பெட்டியோட வெறும் தகட்டுக்கும் நடுவுல பாருங்க. ஒரு ஓமுக்குக் கீழ காட்டணும். என்னோடது 0.3. சுவர்ல இருக்கிற பிளக் பாயிண்டுல நிஜமாவே எர்த் வருதான்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கங்க. எங்க வாடகை வீட்டுல மூணாவது ஓட்டை சும்மா அழகுக்குத்தான் இருந்துச்சு.