ஐம்பது மீட்டர்!

கம்பம் பள்ளத்தாக்கு! முல்லைப் பெரியாறு பாய்ந்து பொன் விளையும் பூமி. இங்கே விளையாத வாழையா? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை விளைவதும் இங்கேதான். மண்ணிலே விளைவது கனி. மகன் கையிலே இருப்பதோ பளபளக்கும் பாக்கெட்! உப்பும் எண்ணெயும் ஊறிய சிப்ஸ். கால் லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை கரைத்த கலர் தண்ணீர்!

"பெற்றவள் கண்டிக்க வேண்டாமா?" என்கிறார் ஒரு கனவான். விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி மலை கடந்து, ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் தாயை அவர் கண்டதுண்டா? பத்து ரூபாயைப் பிள்ளை கையில் திணித்துவிட்டு ஓடுகிறாளே, அவளா குற்றவாளி? அந்தப் பத்து ரூபாயைப் பறிக்க, நடிகரைக் காட்டி, விளையாட்டு வீரரைக் காட்டி வலை விரிக்கிறார்களே வணிகக் கோமான்கள், அவர்களா?

கொழுகொழு குழந்தை கொடுத்து வைத்த குழந்தை என்பது பழங்கணக்கு. உலகில் 5 முதல் 19 வயது வரை உள்ளோரில், எடை குறைந்தவர்களை விட உடல் பருமன் கொண்டவர்கள் மிகுந்துவிட்டனர் என 2025-இல் யுனிசெப் அறிவித்தது. சின்ன வயதிலேயே சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்பு எல்லாம் இதன் பரிசுகள்! இது பணக்கார வீட்டு நோய் அல்ல. மலிவு விலையில் ஏழை வீட்டுக்கும் வந்துவிட்ட நோய். அந்தப் பிள்ளையைக் 'குண்டு' என்று கேலி செய்யாதீர்; அதைவிடக் கொடுமை வேறில்லை.

பசித்த பிள்ளைக்குப் பள்ளியிலே சோறு போட்ட மரபு நம்முடையது. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தியாகராயர் தொடங்கினார்; 2022-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் பிறந்தது. உள்ளே உப்புமாவும் பொங்கலும் தந்துவிட்டு, வாசலிலே நஞ்சை விற்க விடலாமா?

சட்டம் இல்லையா? இருக்கிறது! கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்க்கு விற்கக்கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் விதி. ஏட்டிலே இருக்கும் விதி ஊரிலே நடக்க வேண்டாமா?

தோழர்களே! கம்பத்திலும் போடியிலும் சின்னமனூரிலும் அளவு நாடாவை எடுங்கள். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் அளந்து பாருங்கள். பெட்டிக்கடைக்காரரோடு சண்டை வேண்டாம், அவரும் உழைப்பாளி. வாழைப்பழமும் சுண்டலும் அவித்த கடலையும் விற்கச் சொல்லுங்கள், வாங்கி ஆதரியுங்கள். கேளாவிடில் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது பிள்ளைகள் ஓடியாட மைதானத்தை மீட்டுக் கொடுங்கள். 'சர்க்கரை அதிகம்' என்று பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு முத்திரை குத்தச் சட்டம் போட்டு, 2016-இல் நடைமுறைப்படுத்தியது சிலி நாடு. அந்த எச்சரிக்கை இங்கே தமிழிலே வர வேண்டும் என்று குரல் கொடுங்கள்.

பசியை விரட்டப் புறப்பட்ட படை, பாக்கெட்டைக் கண்டு பின்வாங்குமா? புறப்படுங்கள்!