ஆட்டு மூளையும் 14 ஊசியும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதைத் தஞ்சைச் சீமையில் ஒரு காலத்தில் குழந்தைகளும் அறிந்திருந்தன. அம்மருந்து விளைந்த இடம் ஆட்டின் மூளை என்பதை அறிந்தவர் சிலரே. ஆட்டுக்கு வெறிநோய்க் கிருமியை ஏற்றி, நோய் முற்றியதும் கொன்று, மூளையை அரைத்து, அதிலுள்ள கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் மாய்ப்பார்கள். 1911-ல் கஸௌலியில் ராணுவ வைத்தியர் டேவிட் ஸெம்பிள் வகுத்த வழி இது; நமக்குக் குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனத்திலிருந்து வந்தது.

வெறி கண்டபின் பிழைத்தவர் அநேகமாக இல்லை. ஆகவே, ஜீவகாருண்யம் பேசும் நாமும், களத்துமேட்டில் கடிபட்ட பண்ணையாளின் பிள்ளையைக் கண்டால் ‘ஊசி போடு’ என்றே சொல்லியிருப்போம். நம்மை உறுத்துவது பிறகு நடந்தது. மூளைச் சத்துக் கலந்த அம்மருந்து சிலருக்குக் கைகால் முடக்கத்தையும், சிலருக்கு மரணத்தையும் தந்தது. மூளை கலவாத மருந்து கிடைத்த பின், 1984-ல் உலக சுகாதார ஸ்தாபனம் பழையதை நிறுத்தச் சொல்லிற்று. நம் தேசம் நிறுத்தியதோ 2004-ல்! இடைப்பட்ட 20 வருஷம் மிராசுதார் கடையில் புதியதை விலைக்கு வாங்கினார். நாற்று நடுகிறவள் தர்மாஸ்பத்திரியில் பழையதை ஏற்றுக்கொண்டாள். ஆட்டிடம் சம்மதம் கேட்க இயலாது. இவளிடம், ‘வேறு மருந்து உண்டு, இதில் இன்ன அபாயம்’ என்று சொன்னவர் எத்தனை பேர்? இன்று அவளுக்கும் புதியதையே போடுகிறார்கள், கைத்தோலில், இலவசமாக.